கண்ணை விட்டு நகராத புத்தகம்

“வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள் அண்ணி. பத்து மணிக்கு மீட்டிங். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடறேன்.”

“முடியாது.”

“நான் என்ன வெளி ஆளா? உங்க தம்பி பெண்டாட்டி.”

“தம்பியே வந்து நின்னாலும் முடியாது. இந்தப் புத்தகம் என் கண்ணை விட்டு நகரக் கூடாது. விதி. போட்டோ எடுக்கக் கூடாது, ஜெராக்ஸும் கிடையாது. இங்கேயே உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் படி.”

நாத்தனார் ஒரு கல்லூரியில் நூலகர். வீட்டில் அவருக்கு ‘லா பாயின்ட்’ என்று பெயர். சும்மா ஒன்றும் வைக்கவில்லை.

அவள் கேட்டது கதைப் புத்தகம் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் மொழியின் அதிகாரப்பூர்வ விதிநூல். அந்த மொழியில் ஊரே புரோகிராம் எழுதுகிறது. விதிநூலைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் கிடையாது. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் வரைவு. அசலை விலை கொடுத்து வாங்க வேண்டும். அதற்கு அவள் ஆபீசில் போட்ட விண்ணப்பம் மேஜை மேஜையாக ஊர்ந்துகொண்டிருந்தது. “இதெல்லாம் நெட்லயே கிடைக்குமே?” என்று எல்லா மேஜையிலும் ஒரே கேள்வி.

அவள் லிஃப்ட்டுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். சோதனையில் புது லிஃப்ட் எல்லா மாடிக்கும் சமர்த்தாக ஏறியது. தரைக்குக் கீழே இறங்கினால் மட்டும் புத்தி கெட்டுப்போய், இரண்டு தளத்துக்கு நடுவில் நின்று கதவைத் திறந்தது. கீழ்த்தளத்துக்கு மைனஸ் எண். மைனஸ் எண்ணை வகுத்தால் மீதி எப்படி வர வேண்டும் என்பதில்தான் தகராறு.

தப்பு அவள் எழுதியதிலா? இல்லை, எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரிலா?

“எங்க கம்பைலர் விதியை மீறவே மீறாது” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார், அதை விற்ற கம்பெனிக்காரர்.

மேனேஜரும் சொல்லிவிட்டார். தப்பு அவளுடையது என்று முடிவானால், லிஃப்ட் பிரிவில் அவளுக்கு இனி இடமில்லை.

“அக்காகிட்ட நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?” என்றான் கணவன்.

“ஒண்ணும் வேண்டாம். உங்க அக்காவுக்கு முதல்ல அந்த அலமாரி. நாம எல்லாம் அப்புறம்தான்.”

அவன் துணி மடிக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் வரைவை அச்செடுத்து மேஜையில் வைத்தாள். கம்பைலர்காரர் முதல் பக்கத்தை விரலால் தட்டி மேனேஜரிடம் காட்டினார்.

“‘இது வரைவு மட்டுமே’ன்னு அவங்களே போட்டிருக்காங்க பாருங்க. வரைவு இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். அதை நம்பியா சார் லிஃப்ட் ஓட்டுவீங்க?”

“அசல்லயும் இதேதான் இருக்கு. நூலகத்துல உட்கார்ந்து நானே கையால எழுதிட்டு வந்திருக்கேன்” என்றாள் அவள்.

“கையால யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதலாமே மேடம்! அசலைக் காட்டுங்க, மறுபேச்சு பேசாம ஒத்துக்கறேன்.”

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் கையால் எழுதிய தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உள்ள வரலாமா?”

கதவருகே நாத்தனார். மார்போடு அணைத்த ஒரு துணிப்பை.

“அண்ணி! புத்தகம் வெளியே வரக் கூடாதுன்னீங்களே?”

“அப்படி எப்போ சொன்னேன்? என் கண்ணை விட்டு நகரக் கூடாதுன்னுதானே சொன்னேன். அதான் கண்ணையும் கூட்டிட்டு வந்துட்டேன். இன்னிக்கு எனக்கு லீவு.”

நாத்தனார் கைக்குட்டையால் மேஜையைத் துடைத்தார். புத்தகத்தை எடுத்து வைத்தார்.

“யாரும் தொடாதீங்க. பக்கத்தைச் சொல்லும்மா, நான் திருப்பறேன்.”

அவள் சொன்னாள். மேனேஜர் குனிந்து ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். மீதி எப்படி வர வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாளோ, அச்சு அசலாக அப்படியே இருந்தது. கம்பைலரின் இஷ்டத்துக்கு அங்கே இடமே இல்லை.

“கம்பைலரைச் சரிபண்ணி அனுப்புங்க” என்றார் கம்பைலர்காரரிடம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “லிஃப்ட் உங்க பொறுப்புலயே இருக்கட்டும்மா.”

சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். அவளுக்கு நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. நாத்தனார் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, உங்களைப் போய் நான் என்னவெல்லாம் நினைச்சுட்டேன்...”

“நினைச்சதோட விட்டியா? என் தம்பிகிட்டயும் சொல்லியிருக்கே. கையை விடு, பக்கம் கசங்கிடும்.”

கம்பைலர்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் கழுத்து புத்தகத்தின் பக்கம் நீண்டுகொண்டே போனது. நாத்தனார் பட்டென்று அதை மூடிப் பைக்குள் வைத்தார்.

“மேடம்... ஒரே ஒரு நாள் இதைக் கொடுங்களேன். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடறேன்.”

“உங்களுக்கு எதுக்கு? விதியை மீறாம கம்பைலர் செய்யற கம்பெனி. உங்க ஆபீஸ்ல இதே புத்தகம் இருக்குமே?”

மேனேஜர் போய்விட்டாரா என்று ஒருமுறை கதவைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அவர் சொன்னார்:

“அசலை இன்னிக்குத்தான் மேடம் முதல் தடவையா கண்ணால பாக்கறேன். நாங்க கம்பைலரை எழுதினதே ஒரு பழைய வரைவை வச்சுத்தான்.”