அம்மா ஏற்றிய காப்பி

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சே?"

அப்பா போட்ட சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடி மவுஸை மேஜைமேல் குத்திக்கொண்டிருந்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், காதே கேட்காதவள் மாதிரி.

காலையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஹார்டு டிஸ்க் போச்சு என்று மெக்கானிக் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தார். பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவதுதான் பாக்கி. அப்பா பல் டாக்டரிடம் போய்வருவதற்குள் அம்மா அதை முடித்துவிட்டாள்.

ஏற்றியது இரண்டு வருஷத்துக்கு முந்தைய காப்பி.

அப்பா பாலம் கட்டுகிற இன்ஜினியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, தன் பாலங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டார்.

இப்போது அதில் முதல் வரிகூட இல்லை.

எனக்கும் அம்மாமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேதியைப் பார்த்து அழுத்தத் தெரியாதா? ஆனாலும் பயமில்லை. அப்பா ஞாயிறு தவறாமல் பேக்கப் எடுப்பவர். சரியான காப்பியை ஏற்றினால் தீர்ந்தது.

பேக்கப் டிஸ்க்கைத் திறந்தேன். போன வாரத்தது இல்லை. போன மாதத்தது இல்லை. அந்த ஒரு பழைய காப்பியைத் தவிர, கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"மத்ததெல்லாம் எங்கேம்மா?"

"அழிச்சிட்டேன்."

அப்பா என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கித் தானே தேடினார்.

அம்மா எழுந்து வந்து, அவர் கையிலிருந்த மவுஸை வாங்கினாள். படங்களைத் திறந்தாள்.

அக்கா. திரை முழுக்க அக்கா. முன்பல் விழுந்த அக்கா. நீச்சல் கோப்பையோடு அக்கா. எனக்குத் தலை பின்னிவிடுகிற அக்கா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் போன அன்று, அப்பா இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் இருந்த படம் ஒன்று விடாமல் அழித்தார். அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அவள் பேரே இனி இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றார். கேட்கவில்லை.

அதற்கு முந்தி எடுத்த பேக்கப்பை மட்டும் மறந்துவிட்டார்.

"என் பொண்ணை அழிச்சப்போ நீங்க யாரைக் கேட்டீங்க?"

அம்மாவின் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது.

அவள் விரல் படங்களைத் தள்ளிக்கொண்டே போய், கடைசிப் படத்தில் நின்றது. அதை நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சோர்ந்துபோய்ச் சிரிக்கிற அக்கா. மார்போடு துணியில் சுற்றிய ஒரு சின்ன முகம்.

கீழே நேற்றைய தேதி. பழைய காப்பியில் இருந்திருக்க முடியாது; அம்மாவே தன் போனிலிருந்து சேர்த்திருக்கிறாள்.

"இது யாரு?" என்றார் அப்பா. மிரட்டலாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்தது.

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.