கூண்டுக்குள் இருமல்

கிறேஸ் பழைய சேலையை இழுத்துப் போர்த்தி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். உள்ளே இருமல் நிற்கவில்லை. நெஞ்சைக் கிழித்துக்கொண்டு நாலைந்து முறை வந்தது. பிறகு ஒரு மூச்சிழுப்பு. பிறகு கம்மிய குரலில், "மாதாவே!"

"அடியே கிறேஸ், ஒங்க வீட்டுல யாரு அப்புடி இருமுறது?" லயத்து வரிசை வீடுகளின் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மரியாயி கேட்டாள்.

"நான்தாங்க்கா. அடுப்புப் புகை."

சேலையை மெல்ல விலக்கினாள். கூண்டுக்குள் கிளிக்குஞ்சு தலையைச் சாய்த்து, ஒன்றும் அறியாததுபோல அவளைப் பார்த்தது.

மூன்று மாதத்துக்கு முன் அவள் புருஷன் அல்பிரட் அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ருவான்வெல்லை பஜாரில் சாலி நானாவின் கடையில் கேட்டு வாங்கியது. அப்போது உடம்பில் பாதி இடத்தில்தான் இறகு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் கூண்டைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு அப்பால் பீலிக் குழாயில் தண்ணீர் விழும் இடத்துக்குப் போவான். அங்கே உட்கார்ந்து வாழைப்பழம் ஊட்டி, தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவான்.

பகலில் கிறேஸின் பொறுப்பு. கொஞ்சநாளில் அவளுக்கு அதன் குணமெல்லாம் பழகிவிட்டது. தலையை மேலும் கீழும் ஆட்டினால் பசி. உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டால் தூக்கம். கண்மணி சுருங்கி விரிந்தால் விரலை நீட்டக் கூடாது, கடித்துவிடும். இந்த இருமலுக்குத்தான் அர்த்தம் தெரியவில்லை.

முதல்முறை இருமியது நாலு நாளைக்கு முன். அல்பிரட் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவன் கை அப்படியே நின்றது.

"ஏங்க, என்னாங்க இது? மனுசன் மாதிரியே இருமுது!"

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். குனிந்தபடியே பேசினான்.

"ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன் புள்ள. காசம் வந்து செத்துப்போன ஒருத்தர் வீட்டுக் கிளியாம். சாலி நானா சொன்னாரு. அந்த ஆளு இருமுனத இது புடிச்சிக்கிருச்சி."

"ஐயோ, கைப்புள்ள இருக்க வீட்டுல இதக் கொண்டாந்து வச்சிருக்கீங்களே!"

"வார ஞாயித்துக்கெழம காட்டுல விட்டுர்றேன். அதுவரைக்கும் நீ கிட்ட போவாத. புள்ளையையும் கொண்டுபோவாத."

அன்றிலிருந்து கிறேஸுக்கு இரண்டு பயம். ஒன்று நோய். இன்னொன்று பக்கத்து வீட்டுக் காது. ரப்பர் விலை விழுந்துகிடந்த வருஷம் அது. ஆளைக் குறைக்கத் தோட்டத்தில் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். மேல் லயத்து இருதயராஜ் பெரட்டுக் களத்தில் இருமினான் என்று மருந்துக்காரர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். ஒரே வாரத்தில் வேலைப் பதிவில் பேர் வெட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். ஒரு கிளி இருமியது என்றால் கங்காணி நம்புவாரா?

சனிக்கிழமை மத்தியானம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. தொட்ட கையை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. குழந்தையை இடுப்பிலும் கூண்டைக் கையிலும் எடுத்துக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு ஊடே பஜாருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சாலி நானா கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நானா, இந்தக் கிளி இருந்த வீட்டுல வேற யாருக்கும் அந்த நோய் வந்துச்சுங்களா? புள்ளைங்களுக்கு வந்துச்சா? மறைக்காம சொல்லுங்க."

"எந்த ஊட்ட செல்றீங்க தங்கச்சி?"

"காசத்துல செத்துப்போனவரு வீடு. நீங்கதான் எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னீங்களாம்."

"நான் ஒண்டும் செல்லல்லயே!" தராசைக் கீழே வைத்தார். "எங்கட தோட்டத்துல ஒரு தென்ன மரம் உழுந்திச்சி. பொந்துக்குள்ள கண்ணு தொறக்காத குஞ்சு. நான்தான் எடுத்துவந்து ரெண்டு கெழம பால்சோறு ஊட்டின. பொறகு ஒங்கட மாப்பிள கேட்டாரு, குடுத்த. இது வேற ஒரு ஊட்டுலயும் ஈக்கல்ல."

அந்த நேரம் பார்த்துக் கிளி இருமியது. அதே கிழிசல், அதே மூச்சிழுப்பு. "மாதாவே!"

சாலி நானா ஓரடி பின்வாங்கினார். "அல்லாவே! எங்கிட்ட இருந்த நாள்ல இப்பிடி ஒரு சத்தமும் போடல்லயே!"

கிறேஸ் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கூண்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வந்தபோது ஓடிய கால்கள் இப்போது ஒவ்வோர் அடியையும் இழுத்து வைத்தன.

லயத்து வாசலில் அல்பிரட் நின்றுகொண்டிருந்தான். கூண்டைக் கண்டதும் முகம் மாறியது.

"எங்க போயிட்டு வார?"

"சாலி நானாகிட்ட."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். கிறேஸ் கூண்டைக் கீழே வைத்தாள். கிட்டே போய், அவன் நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தினாள். மரியாயிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எத்தன நாளா எனக்குத் தெரியாம இருமுறீங்க?"