ஏரிக்கரைக் கல்

"அந்தக் கல்லுங்கள நான்தான் வெச்சேன். இப்ப இன்னான்ற?"

லோகநாதன் இப்படிச் சொன்னதும் அமீருதீன் பாய் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

சொன்னது பச்சைப் பொய். ஆனால் சொன்ன தோரணையில் அவனுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மாங்காட்டுப் பக்கத்திலிருந்து பாடியில் இருக்கிற தொழிற்சாலைகளுக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு அந்த ஏரிக்கரைதான் சொர்க்கம். கரை மேல் சரளைக்கல் கொட்டிய பாதை. ஏறுகிற மேட்டில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும். மேலே போய்விட்டால் பஸ் கிடையாது, லாரி கிடையாது, புகை கிடையாது. தொண்டை இருக்கிறவன் பாட்டுப் பாடிக்கொண்டே மிதிக்கலாம்.

அந்தச் சொர்க்கத்தில்தான் போன மாதம் குவாரி லாரி ஒன்று நுழைந்தது. மெயின் ரோட்டைச் சுற்றாமல் இப்படிக் குறுக்கே போனால் தினமும் ஒரு நடை கூடுதலாக அடிக்கலாமாம். டிரைவர் பால்ராஜ் முறுக்கு மீசைக்காரன். ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டான்.

ஒருநாள் காலை அவன் லாரிக்கு ஒதுங்கப் போய், மாத்திரைக் கம்பெனியில் வேலை செய்யும் தாட்சாயிணி சைக்கிளோடு சரிந்து சேற்றில் விழுந்தாள். நல்லவேளை, அடி இல்லை. லாரி நிற்காமல் போய்விட்டது.

"பொம்பளை வுழுந்தது தெரிஞ்சும் போறான் பாரு, இவன்லாம் வெளங்குவானா?" என்று ஊரே திட்டியது. அதிகம் திட்டியது லோகநாதன்தான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பார்த்தால், கரை ஏறும் இடத்தில் இரண்டு பெரிய கருங்கற்கள். நடுவில் சைக்கிள் நுழையும். லாரி நுழையாது.

வைத்தது யார்? யாரும் வாய் திறக்கவில்லை. கேட்பாரற்றுக் கிடக்கிற பேரை நாம் எடுத்துக்கொண்டால் என்ன என்று லோகநாதனுக்குத் தோன்றிவிட்டது.

"ஒண்டி ஆளாவா தூக்கின?" என்று கேட்டார் பாய்.

"அந்த மீசைக்காரன் மேல இருந்த கோவம் பாய். கல்லு பஞ்சு மாதிரி வந்துச்சி."

பாய் அவன் முன்னால் இரண்டு மசால்வடையை வைத்தார். டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்திய தாட்சாயிணி, "நீ நல்லா இருக்கணும் அண்ணே. இனிமே பயமில்லாம போவேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

லோகநாதனுக்கு உள்ளே சுருக்கென்றது. இருந்தாலும் வடை நன்றாக இருந்தது.

இந்தப் பெருமை சனிக்கிழமை வரைக்கும்தான். அன்றைக்கு லாரி முதலாளி ஆள் வைத்து இரண்டு கல்லையும் ஏரிக்குள் உருட்டிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து லாரி கரை மேல்தான் போகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

டீக்கடையே லோகநாதனைப் பார்த்தது.

"இன்னா அண்ணாத்தே, மறுபடியும் வெச்சிடு" என்றார் பாய், ஒரு டீ ஆற்றித் தரச் சொன்னது போல.

"அதுக்கின்னா... வெச்சிட்டா போச்சி."

"அண்ணன் கண்டிப்பா வெச்சிடும்" என்றாள் தாட்சாயிணி. "நான் திங்கக்கெழமை இந்த வழியாதான் வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். லோகநாதன் கடன் வாங்கிய கடப்பாரையோடு மேட்டடியில் நின்றான். வயலோரம் கிடந்த ஒரு பாறாங்கல்லை நெம்பினான். கல் அசையவில்லை. அவன் இடுப்புதான் அசைந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் நெம்பினான்.

அப்போது பின்னால் லாரிச் சத்தம். மேட்டடியில் வந்து நின்றது. மீசை இறங்கியது.

"நீதான் லோகநாதனா?"

ஓடிவிடலாமா என்று பார்த்தான். கால் வரவில்லை.

"கல்லு வெச்சவன் நாந்தான்னு பாய் கடையில சொல்லிக்கினு கீறியாமே?"

இல்லை என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நாளைக் காலை தாட்சாயிணி இந்த வழியாகத்தான் வருவாள், அண்ணனை நம்பி. லோகநாதன் கடப்பாரையை இறுக்கிப் பிடித்தான்.

"ஆமா! இப்பவும் வெப்பேன். உன்னால ஆனத பாத்துக்க!"

பால்ராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பாறாங்கல்லைப் பார்த்தான். கரையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு வுழுந்தத கண்ணாடியில பாத்தேன் நைனா. எறங்கி மூஞ்சில முழிக்க துணிச்சல் இல்ல. அன்னியிலேர்ந்து எனுக்கு சோறு எறங்கல. கரை மேல போவமாட்டேன்னு சொன்னா மொதலாளி வேலைய வுட்டு தூக்கிடுவாரு. வழி அடைஞ்சி கீதுன்னா, அவரு என்ன இன்னா பண்ண முடியும்?"



பால்ராஜ் லாரியின் பின்பலகையைத் தடாலென்று இறக்கினான். உள்ளே நான்கு கருங்கற்கள்.

"பேரு உன்னுதாவே இருக்கட்டும் அண்ணாத்தே, எனுக்கும் அதான் நல்லது. போன தபா அவசரத்துல சும்மா வெச்சிட்டு பூட்டேன், உருட்டிட்டானுங்க. இந்த தபா நட்டுடலாம். நீ அந்தக் கடப்பாரையால குழிய தோண்டு!"