நடுவில் குறையும் பெட்டி

“பேக்கிங்ல எண்ணும்போது சரியா இருக்கு. லாரியில ஏத்தும்போது ஒரு பெட்டி குறையுது. நடுவுல இருக்கறது நீ மட்டும்தான்.”

பிஸ்கட் குடோனுக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் இப்படிச் சொன்னதும், லோடு ஏற்றும் நெட்டை தலையைச் சொறிந்தான்.

“வாரா வாரம் எங்கடா போகுது?”

“உங்களுக்குத் தெரியாததா சார்?”

திமிரைப் பாருங்கள். மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரக்கு எங்கேயும் தேங்காமல் கடைகளுக்குப் போய்ச்சேர வழி செய்யத்தான் முதலாளி அவரைக் கொண்டுவந்திருந்தார். அவரும் மேசைகளை நகர்த்தி, வீண் நடையைக் குறைத்து, எல்லாவற்றையும் சீர் செய்துவிட்டார். இந்த ஓர் ஓட்டையை மட்டும் அடைக்க முடியவில்லை. யாரைக் கேட்டாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நழுவினார்கள். மொத்தப் பேரும் கூட்டுக் களவாணிகள் என்று முடிவு கட்டினார்.

“குடோன்ல ஒருத்தன் கைவரிசையைக் காட்டறான். கையும் களவுமாப் பிடிச்சு வேலையை விட்டே தூக்கறேன் பாரு,” என்றார் மனைவியிடம், டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி.

“பாவம், பிள்ளைகுட்டிக்காரனா இருக்கப் போறான்.”

“திருடனுக்கு என்ன பாவம்?” இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்த லோடு அன்று, சாப்பாட்டு நேரத்தில், நெட்டை ஒரு பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினான். மேனேஜர் சாட்சிக்கு வாட்ச்மேனையும் காரில் ஏற்றிக்கொண்டு பின்தொடர்ந்தார்.

“நான் பிடிச்சதும், நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு.”

“சரிங்க சார்.”

ஸ்கூட்டர் மெயின் ரோட்டைத் தாண்டியது. பழகிய தெருவில் திரும்பியது. மேனேஜரின் வீட்டு வாசலில் நின்றது.

சிரித்த முகமாகக் கதவைத் திறந்து பெட்டியை வாங்கிக்கொண்ட மனைவி, காரில் இருந்து இறங்கியவரைப் பார்த்து விழித்தாள்.

“இதை நீ கடையில வாங்கலையா?” என்றார் அவர்.

“நீங்கதானே அனுப்பறீங்க? அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கறேன். உங்களை எல்லாரும் மெச்சறாங்க.”

நெட்டை நிமிர்ந்து பார்த்தான்.

“பழைய மேனேஜர் போட்ட ஏற்பாடு சார். வாரம் ஒரு பெட்டி மேனேஜர் வீட்டுக்கு. நீங்களும் தெரிஞ்சேதான் வாங்கிக்கறீங்க, வாங்கிட்டு எங்க மேல பழி போடறீங்கன்னு நெனச்சோம். அதான் ஒருத்தரும் வாயைத் திறக்கல.”

மேனேஜருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வாட்ச்மேன் பேனா மூடியைக் கழற்றினார்.

“திருடன் பேரு என்னன்னு எழுதட்டும் சார்?”