அக்கா வந்தால்தான் மலை

"வார்டனுக்கு முட்டி வலியாம். மலைக்கு வரலையாம்."

கேன்டீன் மேஜையில் வந்து உட்கார்ந்ததும் நெட்டை இதைச் சொன்னாள். சுருட்டை வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

வார்டன் என்றால் ஹாஸ்டல் வார்டன் இல்லை. இவர்களோடு முதலாம் ஆண்டு வரலாறு படிக்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எந்த வயதுக்காரரும் சேரலாம் என்று பல்கலைக்கழகம் ஏதோ பேச்சுக்குச் சொல்லப்போக, நிஜமாகவே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வந்த அன்றைக்கே, "என்னை ஆன்ட்டின்னு மட்டும் கூப்பிடாதீங்கடி, அக்கான்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். நேரில் எல்லாரும் வாய் கூசாமல் அக்கா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் வார்டன்.

அக்காவுக்குப் படிப்பு இரண்டாம் பட்சம். கூட்டத்தோடு சுற்றுவதில்தான் உயிர். சினிமா, பிறந்தநாள், கிரிக்கெட் மேட்ச், எதையும் விடமாட்டார். பாட்டுக்குக் கை தட்டினால் தாளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். செல்ஃபி எடுத்தால் சரியாக அந்த நொடியில் கண்ணை மூடுவார். இவர்கள் பேசுவதை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, பாடம் புரிந்ததா என்று கேட்ட பேராசிரியரிடமே "தெறி சார்" என்று சொல்லிவைத்தார்.

இதையெல்லாம் இவர்கள் பொறுத்துக்கொண்டது பாசத்தினால் இல்லை. "அக்கா வர்றாங்க" என்றால்தான் வீட்டில் விடுவார்கள். அதிலும் சுருட்டையின் அம்மா, அக்காவிடம் போனில் பேசாமல் மகளைத் தெருமுனைக்குக்கூட அனுப்பமாட்டாள்.

அனுமதி கிடைத்துவிட்டால் அக்காவின் வேலை முடிந்தது. போன இடத்தில் பைகளை அவர் மடியில் குவித்துவிட்டு இவர்கள் பறந்துவிடுவார்கள். திரும்பி வந்தால் பையோடு பையாக உட்கார்ந்திருப்பார். "எல்லாம் பார்த்தாச்சாடி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பாவம் என்று சுருட்டைக்கு ஒரு தடவை தோன்றியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இப்போது போகப்போவது மலைக்கு. ஒரு ராத்திரி அங்கேயே தங்கல். வார்டன் இல்லையென்றால் ஒரு வீட்டிலும் நடக்காது.

"வீட்டுக்கே போய்க் கால்ல விழுந்துடலாம், வா" என்றாள் நெட்டை.

கதவைத் திறந்தது அக்காவின் மகன். வக்கீல். முப்பது வயதில் அறுபது வயது முகம். உட்காரச் சொன்ன கையோடு குறுக்கு விசாரணையை ஆரம்பித்துவிட்டார். எந்த மலை, எங்கே தங்கல், பையன்களும் உண்டா. அக்கா சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வகுப்பில் ஓயாத வாய், வீட்டில் பூட்டிக் கிடந்தது.

"அம்மாவுக்கு எதுக்கும்மா இந்த மலையெல்லாம்? அவங்க வராட்டி உங்களுக்கு என்ன போச்சு?"

அம்மா அக்காவானால் மகன் என்ன முறை என்று யோசிக்க நேரமில்லை. சுருட்டை முந்திக்கொண்டாள்.

"அவங்க வந்தாத்தான் அண்ணா எங்க வீட்டுல விடுவாங்க. இல்லாட்டி நாங்க எதுக்கு அவங்களை..."

நெட்டை அவள் காலை நறுக்கென்று மிதித்தாள். சுருட்டை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா தரையைப் பார்த்தார்.

ஆனால் வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அம்மா சொன்னது நிஜந்தானா? 'சின்னப் பொண்ணுங்கப்பா, அவங்கவங்க அம்மா கெஞ்சுறாங்க, காவலுக்கு நான் போயே ஆகணும்'னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க. ஜாலியா ஊர் சுத்தத்தான் சாக்கு சொல்றாங்கன்னு நினைச்சு, இந்தத் தடவை கூடாதுன்னுட்டேன். பொறுப்புன்னா போகட்டும், எனக்கு ஒண்ணும் இல்லை. ஜாலி கீலின்னாத்தான் ஆகாது. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பெற்ற தாய்க்கு அனுமதி வழங்கிவிட்டு, பெரிய மனது பண்ணின திருப்தியோடு உள்ளே போனார்.

வழியனுப்ப அக்காவும் கூட வந்தார். முட்டி வலிக்காரர் மாடிப்படியில் இவர்களை முந்திக்கொண்டு இறங்கினார்.

வாசலுக்கு வந்ததும் சுருட்டைக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைச் சாக்காக வைத்து இவர்கள் ஏய்த்துக்கொண்டிருந்தால், அக்கா இவர்களைச் சாக்காக வைத்து ஏய்த்திருக்கிறார். சரிக்குச் சரி. அது போகட்டும். அந்த வக்கீலை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மான்னா படிக்கலாம், சிரிக்கக் கூடாதாமா? பெத்தவங்களுக்குப் பர்மிஷன் கொடுக்க இவர் யாரு அக்கா? நீங்க ஏன் பயப்படுறீங்க? பெத்த பிள்ளைகிட்ட ஒரு அம்மா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. எல்லாம் ஆம்பளைத் திமிரு."

நெட்டை ஆமாம் போட்டாள். அக்கா மட்டும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதவர் மாதிரி.

"நீ கோவிச்சுக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமாடி?" என்றார். "உங்க அம்மாவும் அடுத்த வருஷம் நம்ம டிபார்ட்மென்ட்ல சேரணுமாம். போன்ல எப்பவும் அதே பேச்சுதான். உன்கிட்ட கேட்கப் பயமா இருக்காம். மலையில நீ நல்ல மூடுல இருக்கிற நேரமாப் பார்த்து, உன்கிட்ட பர்மிஷன் வாங்கித் தரச் சொல்லி என்னைக் கெஞ்சிக்கிட்டிருக்காங்க."