நாலாவது எண்ணிக்கை

காது பரிசோதிக்கும் சின்னக் கூண்டறைக்குள் டிரம்மர் உட்கார்ந்திருக்கிறார். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, எதிரே கண்ணாடி, தலையில் ஹெட்போன். நாற்பது வருஷமாக ரெக்கார்டிங் அறைகளில் உட்கார்ந்த அதே இருப்புதான். கையில் குச்சிகளுக்குப் பதிலாக ஒரு பொத்தான். “சத்தம் கேட்டா அமுக்குங்க சார்” என்று கதவைச் சாத்த வரும் பரிசோதகப் பெண்ணிடம், “இவருக்குக் காதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, நான் கூப்பிட்டா மட்டும்தான் கேக்காது” என்கிறாள் மனைவி. அடுத்த மாதக் கச்சேரிகளை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். முதல் சத்தம் கணீரென்று வருகிறது. அடுத்தது கொஞ்சம் மெலிந்து. மூன்றாவதிலேயே கட்டைவிரல் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது: இந்தப் பெண் நாலு எண்ணிக்கைக்கு ஒரு தரம் தட்டுகிறாள். ஜாஸ் என்றால் நழுவி நழுவி, ஃபங்க் தாளம் என்றால் ஆணி அடித்தாற்போல, யார் கூப்பிட்டாலும் போய் ஒட்டிக்கொண்ட கை அது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் கண்ணாடிக்கு அப்பால் மேசைமேல் பச்சை விளக்கு எரிகிறது, அதைப் பார்த்து மனைவி தலையாட்டுகிறாள். வாசிக்கும்போது செய்வதுபோல அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். சத்தம் கொசுவின் ரீங்காரமாய், பிறகு அதுவும் தேய்ந்து, ஆனாலும் தப்பாமல் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு. முகத்தில் காற்றுப் படுகிறது. கண்ணைத் திறந்தால், கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் நிற்கிறாள். ஹெட்போனை மெல்லக் கழற்றுகிறாள்.

“சார், நான் சத்தத்த நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு.”

அவர் அவள் வாயையே பார்க்கிறார். நாலாவது எண்ணிக்கையில் கட்டைவிரல் இன்னொரு தரம் அமுக்குகிறது. வெளியே மேசைமேல் பச்சை விளக்கு எரிந்து அணைகிறது.