கறை மூடிய சொல்

கூரையற்ற அந்த இரண்டு இருக்கைப் பழங்காரை வாங்க வந்த அம்மையார் முதலில் ஹாரனைத்தான் அழுத்தினார். ஓசை எழவில்லை.

"கம்பியை இணைச்சுக் கொடுத்தா இப்பவே வாங்கிக்கறேன்."

"அது முடியாதும்மா," என்றார் உரிமையாளர். "எதையும் மாத்தாதவங்களுக்குத்தான் வண்டி. கேட்டு வந்த மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன்."

பராமரிப்பு ஏட்டை இரு கைகளாலும் ஏந்தி வந்து முதற்பக்கத்தை விரித்தார். எண்ணெய்க் கறை ஒரு சொல்லை விழுங்கியிருந்தது. எஞ்சியது இவ்வளவே: ‘எழும்வரை ஹாரன் கம்பியை இணைக்க வேண்டாம்.’

"முதல் உரிமையாளர் கையெழுத்து. யார் எழணுமோ, தெரியாது. அவருக்கப்புறம் வாங்கின நாலு பேரும் தட்டாம நடந்துக்கிட்டோம். எங்களுக்கு இது வேதம்."

அம்மையார் கறையை விரலால் வருடினார்.

"இதுக்குக் கீழே ‘பாப்பா’ன்னு இருக்கும். அம்மா பிரசவம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு எங்கப்பா எழுதினது. ரெண்டு பேர் கார்ல மூணு பேர் எப்படிப் போறது? மறுவாரமே வித்துட்டார். கடைசி வரைக்கும் அவருக்கு இந்தக் கார் பேச்சுதான்."

உரிமையாளர் ஏட்டை மெல்ல மூடினார்.

"அப்போ அந்தப் பாப்பா..."

"எழுந்து அறுபது வருஷமாச்சுங்க. இனி இணைக்கலாம்."